கடமையும் கண்ணோட்டமும்

ஓர் ஆண்டின் பெருமையை அரசியல் வரலாறு ஒருவகையாக அளக்கும். இலக்கிய வரலாறு வேறொரு வகையாக அளக்கும். 1947 என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது ஆகஸ்டு 15-ஆம் நாள் ஏறிய விடுதலைக் கொடியே. அக்கொடியின் நிழலிலேயே பிரிவினையின் குருதியும் தேங்கி நின்றது என்பதைத் தலைநகரில் வாழும் நாம் மறத்தற்கில்லை. அவ்வாண்டில் இங்குள்ள மைய அரசு அலுவலகங்களில் மேசையும் நாற்காலியும் கோப்புகளும் இரு நாடுகளுக்கெனப் பங்கிடப்பட்டன. இந்தியாவிலா, பாகிஸ்தானிலா, எங்கே பணிபுரிய விருப்பம் என்று ஊழியர்கள் எழுதித் தருமாறு கேட்கப்பட்டனர். வரலாறு திரும்பும் வேளையிலும் அதனைத் தாளில் பதிந்து வைக்க ஓர் எழுத்தர் வேண்டியிருந்தது.

அதே 1947-இல், ஆறாண்டுப் போரில் நொறுங்கிக் கிடந்த ஐரோப்பாவில் நான்கு படைப்புகள் வெளிப்பட்டன. பிப்ரவரி 13-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் வானொலி ஒரு நாடகத்தை ஒலிபரப்பியது. ஜூன் 10-இல் பாரிசில் ஒரு புதினம் வந்தது. ஜூன் 25-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறுமியின் நாட்குறிப்பு அச்சேறியது. அக்டோபரில் இத்தாலியின் துரின் நகரில் ஒரு வேதியியலாளர் தம் சிறைமுகாம் வாழ்வை நூலாக்கித் தந்தார். மொழிகள் நான்கு, நாடுகள் நான்கு. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதியதில்லை. நால்வரில் மூத்தவரான ஆல்பெர் காம்யுவுக்கு அப்போது வயது 33. நாட்குறிப்பை எழுதிய சிறுமியோ பதினைந்து வயதிலேயே மாண்டு இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

இந்நான்கையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போது அவை நம் போன்றோரை நோக்கி ஒரே வினாவை எழுப்பக் காண்கிறோம். மேசையின் முன் அமர்ந்து பெயர்களைப் பதிந்து, எண்களைக் கூட்டி, கோப்புகளை நகர்த்திப் பிழைப்பவர் நாம். நமக்கு இட்ட வேலையைப் பிழையறச் செய்துவிட்டால் அறம் செய்தவர் ஆவோமா? கடமை என்பது தன்னளவில் நிறைவான நன்மையா? அன்றி, அதற்குள் உயிராக வேறொன்று இருத்தல் வேண்டுமா? இதனை ஈண்டு எண்ணிப் பார்ப்போமாக.

மாலை நேரத்துக் கணக்கர்

காம்யுவின் 'கொள்ளை நோய்' அல்ஜீரியக் கடற்கரை நகரான ஓரானில் நிகழ்வது. நகரில் எலிகள் செத்து விழுகின்றன. பிறகு மனிதர்கள் மடிகின்றனர். நகரின் வாயில்கள் அடைக்கப்படுகின்றன. மருத்துவர் ரியூ, துறவி போன்ற தாரு, காதலியைப் பிரிந்து தவிக்கும் செய்தியாளர் ராம்பேர் ஆகியோர் முன்னிலையில் நிற்கின்றனர். ஆனால் இக்கதைக்கு ஒரு வீரன் வேண்டுமென்றால் இவரைக் கொள்ளுங்கள் என்று கதை சொல்வோன் சுட்டிக்காட்டுவது இவர்களுள் எவரையும் அன்று; ஜோசப் கிரான் என்னும் நகராண்மை அலுவலக எழுத்தரை. 'கிரான்' என்னும் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் 'பெரியவர்' என்று பொருள். அப்பெயரைத் தாங்கியவரோ அந்நகரிலேயே மிகச் சிறிய மனிதர்.

அவர் தற்காலிக ஊழியர். பதவி உயர்வு தருவதாகக் கூறப்பட்ட வாக்குறுதி இருபது ஆண்டுகள் கடந்தும் நிறைவேறவில்லை. விண்ணப்பம் எழுதலாம் என்றால் ஏற்ற சொல் கிடைக்கவில்லை. 'உரிமை' என்று எழுதக் கூச்சம். 'கருணை' என்று எழுதத் தன்மானம் இடம் தரவில்லை. இந்த ஐயத்திலேயே விண்ணப்பம் எழுதப்படாமல் நின்றுவிட்டது. அரசுப் பணியில் இருப்போர் இப்பகுதியைப் படித்துச் சிரிப்பர். சிரித்த பின் சற்று நேரம் மௌனமாக இருப்பர். கிரானுக்கு வேறொரு மறைவான ஆசையும் உண்டு. அவர் ஒரு நூல் எழுதுகிறார். அதன் முதல் வாக்கியத்தையே மீண்டும் மீண்டும் திருத்தி எழுதி வருகிறார். அதனைத் தாண்டி நூல் நகரவேயில்லை.

நோய் மூண்டபோது இந்த எழுத்தர் என்ன செய்தார்? தொடக்கத்திலேயே இறந்தோர் கணக்கை மருத்துவரிடம் கொண்டுவந்து காட்டியவர் அவர். பின்னர்த் தொண்டர் படைகள் அமைந்தபோது, பகல் முழுதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, மாலையில் இரண்டு மணி நேரம் படைகளின் பதிவேடுகளையும் புள்ளி விவரங்களையும் எழுதித் தந்தார். மருத்துவர் நன்றி கூறியபோது, நோய் வந்திருக்கிறது, தற்காத்துக்கொள்ள வேண்டியதுதானே, இதில் என்ன அரிய செயல் என்று வியந்தார். இறப்புக் கணக்கை எழுதும் எழுத்தர் இறப்புக்கு எதிராக எழுதுகிறார் என்பதே காம்யு காட்டும் காட்சி. எழுத்துப் பணி இழிந்ததன்று. அது உயிர் காக்கும் பணியும் ஆகலாம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் 1955-இல் ரோலான் பார்த் என்னும் திறனாய்வாளர் இப்புதினத்தின் மீது ஒரு தடை எழுப்பினார். நோய்க்கிருமிக்கு முகம் இல்லை. வரலாற்றில் வந்த தீமைக்கோ மனித முகம் உண்டு. அப்போது என் செய்வது என்பது அத்தடையின் சாரம். கிருமி எழுத்தரை வேலைக்கு அமர்த்துவதில்லை. மனிதர் செய்யும் கொடுமைக்கோ பெயர்ப்பட்டியலும் வண்டிக் கால அட்டவணையும் முத்திரையும் வேண்டும். அவற்றையெல்லாம் எழுதுவோர் யார்? நம்மைப் போன்றவர்களே. இங்குதான் துரினில் வந்த நூலைத் திறக்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தது

பிரிமோ லெவி 1919-இல் துரினில் பிறந்த யூதர், வேதியியல் பயின்றவர். 1943 டிசம்பரில் பிடிபட்டு, ஃபோசோலி முகாமில் அடைக்கப்பட்டு, 1944 பிப்ரவரியில் 650 பேரோடு ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். 'இவன் ஒரு மனிதனாயின்' என்று பொருள்படும் தலைப்புடைய அவர் நூலின் தொடக்கத்திலேயே ஓர் எண்ணிக்கை நிகழ்கிறது. புறப்படுமுன் ஆட்களைக் கணக்கெடுக்கின்றனர். எத்தனை 'உருப்படி' என்று மேலதிகாரி வினவ, 650 உருப்படி, எல்லாம் சரி என்று கீழ்நிலை வீரன் விடை கூறுகிறான். கணக்கில் பிழை இல்லை. எண்ணும் பணியைப் பொறுத்தவரை அவ்வீரன் கிரானுக்குச் சற்றும் குறைந்தவன் அல்லன். லெவி ஏறிய சரக்குப் பெட்டியில் 45 பேர் இருந்தனர்; அவர்களுள் வீடு திரும்பியவர் நால்வரே.

முகாமில் லெவியின் கையில் 174517 என்னும் எண் பச்சை குத்தப்பட்டது. ரொட்டியும் கஞ்சியும் பெறுவதற்கு அந்த எண்ணைக் காட்ட வேண்டும். பெயரைக் கேட்பார் எவரும் இல்லை. பின்னர் அங்குள்ள தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்துக்கு வேதியியல் அறிந்தோரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு ஒன்று நடக்கிறது. தேர்வாளர் பான்விட்ஸ் என்னும் முனைவர். லெவி அவர் மேசை முன் நிற்கிறார், அவரோ எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதி முடித்தபின் தலை நிமிர்ந்து பார்க்கிறார். அந்தப் பார்வையை லெவி வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அது மனிதன் மனிதனைப் பார்த்த பார்வை அன்று. நீர்த்தொட்டியின் கண்ணாடிக்கு அப்பால் உள்ள வேறோர் உலகத்து உயிரைப் பார்த்த பார்வை. அந்தப் பார்வையின் தன்மையை முற்ற விளக்க முடியுமானால் நாட்சி ஆட்சியின் பித்தத்தையே விளக்கியவன் ஆவேன் என்னும் கருத்தை அவர் எழுதுகிறார்.

கொடுமையை விளக்க முற்பட்ட ஒருவர் துப்பாக்கியைச் சுட்டாமல், மின்வேலியைச் சுட்டாமல், மேசைக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு பார்வையைச் சுட்டினார் என்பது நாம் ஆழ்ந்து கருதத்தக்கது. பான்விட்ஸ் லெவியை அடிக்கவில்லை, ஏசவில்லை, தேர்வை முறைப்படியே நடத்தினார். அவர் கடமை தவறாதவர். அவரிடம் இல்லாதது ஒன்றே.

அந்த ஒன்று யாரிடம் இருந்தது என்பதையும் லெவி காட்டுகிறார். லொரென்சோ என்னும் இத்தாலியக் கொத்தனார், முகாமுக்கு வெளியே கூலிக்கு வேலை செய்தவர், ஆறு மாத காலம் நாள்தோறும் ஒரு துண்டு ரொட்டியும் தம் உணவில் மிச்சமும் கொண்டுவந்து கொடுத்தார். கிழிசல் தைத்த ஓர் உட்சட்டை தந்தார். லெவிக்காக ஊருக்கு அஞ்சலட்டை எழுதி, வந்த விடையையும் சேர்ப்பித்தார். கைம்மாறு எதுவும் பெறவில்லை. தாம் உயிரோடிருப்பதற்கு லொரென்சோவே காரணம் என்கிறார் லெவி. அது ரொட்டியினால் மட்டும் அன்று. தாமும் ஒரு மனிதன் என்பதை மறந்துவிடாமல் இருக்க அவர் துணை நின்றார் என்பதனால்.

பொறுப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தவன்

ஹாம்பர்க் வானொலியில் ஒலித்த நாடகம் வோல்ஃப்காங் போர்ஹெர்ட் எழுதிய 'கதவுக்கு வெளியே'. ரஷ்யப் போர்முனையிலிருந்து நொண்டியாகத் திரும்பும் பெக்மன் என்னும் படைவீரனே அதன் தலைவன். போரில் ஓர் இரவு அவனுடைய படைத்தலைவர் அவனிடம் இருபது பேரை ஒப்படைத்து, இவர்களுக்கு நீ பொறுப்பு என்றார். பதினொருவர் திரும்பவில்லை. அவர்களுடைய தாயரும் மனைவியரும் இரவுதோறும் கனவில் வந்து அவனைக் கேட்கின்றனர். உறக்கம் இழந்த பெக்மன் படைத்தலைவரின் வீட்டைத் தேடிச் சென்று, தாங்கள் அன்று கொடுத்த பொறுப்பை இன்று திருப்பிக் கொடுக்க வந்தேன் என்கிறான். வெதுவெதுப்பான அறையில் குடும்பத்தோடு உணவருந்திக் கொண்டிருந்த படைத்தலைவர் முதலில் திகைக்கிறார்; பிறகு இதனை ஒரு நகைச்சுவைக் காட்சி என்று கருதி வயிறு குலுங்கச் சிரிக்கிறார்.

பொறுப்பு மேலிருந்து கீழே எளிதாக இறங்குகிறது. கீழிருந்து மேலே ஏற மறுக்கிறது. 'மேலிடத்து ஆணை' என்று கீழோர் சொல்வர். 'கீழிருந்து வந்த குறிப்பின்படி' என்று மேலோர் சொல்வர். இடையில் செத்த பதினொருவருக்கு விடை சொல்ல எவரும் இல்லை. பெக்மன் மட்டும் அப்பதினொருவரைக் கணக்காகக் கருதாமல் கனவில் முகங்களாகக் கண்டான். அதனாலேயே அவனுக்கு உறக்கம் இல்லை. நோயுற்றிருந்த போர்ஹெர்ட் 1947 நவம்பர் 20-இல், 26-ஆம் வயதில் மறைந்தார். மறுநாள் ஹாம்பர்க் மேடையில் அந்நாடகம் முதன்முறையாக அரங்கேறியது.

பின்கட்டின் காவலர்

ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த நாட்குறிப்பை உலகம் நன்கறியும். ஆன் ஃபிராங்கின் அந்நூலுக்கு டச்சு மொழியில் இட்ட பெயருக்குப் 'பின்கட்டு' என்றே பொருள். 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்டு 4 வரை எண்மர் மறைந்து வாழ்ந்த இடம் அது. ஆனால் அந்தப் பின்கட்டுக்கு ஒரு முன்கட்டு இருந்ததையும், அது ஓர் அலுவலகம் என்பதையும் பலர் நினைப்பதில்லை. பழக்கூழ் செய்ய உதவும் பெக்டின் என்னும் பொருளை விற்ற ஒபெக்டா நிறுவனத்தின் அலுவலகம் அது. அங்கே கடிதங்கள் தட்டச்சாயின, கணக்குகள் எழுதப்பட்டன. மீப் கீஸ், பெப் வோஸ்கைல் என்னும் இரு பெண் ஊழியரும், கிளைமன், கூக்ளர் என்னும் இரு ஆடவரும் பகல் முழுதும் அலுவலகப் பணியைச் செய்துகொண்டே மேலே ஒளிந்திருந்த எண்மரைக் காத்தனர். காய்கறியும் பாலும் நூலகப் புத்தகமும் அவர்கள் கைவழியாகவே மேலே சென்றன. ஆன் தன் நாட்குறிப்பைத் திருத்தி எழுதிய தனித்தாள்களும் அந்த அலுவலகத்திலிருந்து வந்தவையே.

இவர்களுக்கு எதிரே இன்னோர் எழுத்தரை நிறுத்திப் பார்ப்போம். யாகோபுஸ் லென்ட்ஸ் என்பார் ஹாலந்தின் மக்கள் பதிவேட்டுத் துறைத் தலைவர். எவரும் போலி செய்ய இயலாத அடையாள அட்டை ஒன்றை வடிவமைத்தார். 1941-இல் அது நடைமுறைக்கு வந்தது. வெறுப்பினால் அன்று, தொழிற்பெருமையினாலேயே அவர் அவ்வாறு செய்தார் என்பர் வரலாற்றாசிரியர். குறையற்ற அந்த அட்டையும் பதிவேடும் யூதர்களைத் தேடிப் பிடிக்கப் பெருந்துணையாயின. ஹாலந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் 1,00,000-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச்சு 27-இல் எதிர்ப்பியக்கத்தார் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீ வைத்தனர். அட்டைகளில் ஒரு பகுதியே அழிந்தது. அச்செயலுக்காகப் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓர் எழுத்தர் செம்மையாகச் செய்த வேலையைச் சிறிதளவு கெடுப்பதற்குப் பன்னிரண்டு உயிர் விலையாயிற்று.

1944 ஆகஸ்டில் காவலர் வந்து எண்மரையும் கிளைமன், கூக்ளர் இருவரையும் கொண்டு சென்றனர். மீப், கைது செய்ய வந்த அதிகாரி தம்மைப் போலவே வியன்னா நகரத்தவன் என்பதைப் பேச்சால் அறிந்து, பின்னர் அவனுடைய அலுவலகத்துக்கே சென்று, பணம் கொடுத்தாவது அவர்களை மீட்க முயன்றார், பலிக்கவில்லை. பின்கட்டில் சிதறிக் கிடந்த ஆனின் தாள்களைத் திரட்டித் தம் மேசை இழுப்பறையில் வைத்தார். அவற்றை அவர் படிக்கவில்லை. உரியவள் வந்து கேட்கும்போது கொடுக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். உரியவள் வரவில்லை. பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்த செய்தி 1945-இல் உறுதியானபின், எண்மருள் உயிரோடு மீண்ட ஒருவரான தந்தை ஒட்டோ ஃபிராங்கிடம் அத்தாள்களை ஒப்படைத்தார். முன்னரே படித்திருந்தால் எரித்திருப்பேன், ஏனெனில் உதவியவர் பெயரெல்லாம் அதில் இருந்தன என்று அவர் பிற்காலத்தில் கூறினார். உலக இலக்கியத்தில் இடம்பெற்ற ஒரு நூல் ஓர் அலுவலக ஊழியரின் இழுப்பறையில் ஓராண்டு காலம் காக்கப்பட்டது. 2010-இல் நூறு வயதில் மறையும் வரை மீப் தம்மை வீராங்கனை என்று அழைக்க இசையவில்லை.

ஒரு தடையும் விடையும்

இனி ஒரு தடை எழும். 'விதியை விட்டு மனம்போல் நடக்கச் சொல்கிறீர்களா? இரக்கம் என்று தொடங்கினால் அது சலுகையில் முடியும். சலுகை சாதிக்கும் சுற்றத்துக்கும் கையூட்டுக்கும் வாயிலைத் திறக்கும். முகம் பாராத விதியே ஏழைக்கும் பாதுகாப்பு' என்பர். இது எளிதில் தள்ளத்தக்க தடையன்று. பரிந்துரைக் கடிதம் இல்லாதவன் நம்பி நிற்பது விதி ஒன்றையே. விதியைக் குலைத்த இரக்கம் ஒருவனுக்கு நன்மையும் வரிசையில் நிற்கும் நூறு பேருக்குத் தீமையும் செய்யக் கூடும்.

ஆனால் நாம் வேண்டுவது விதியைக் குலைக்கும் இரக்கம் அன்று. வள்ளுவர் 'கண்ணோட்டம்' என்னும் அதிகாரத்தை எங்கே வைத்தார் என்று பாருங்கள். அறத்துப்பாலில் அருளுடைமையின் அருகில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில், செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகியவற்றை அடுத்து வைத்தார். ஆட்சி செய்வோன் மேசையில் இருக்க வேண்டிய பண்பாக அதனைக் கருதினார். தொழில் கெடாதவாறே கண்ணோடுதல் இயலும் என்பதும் அவர் கருத்து. கிரானின் கணக்கில் பிழை இல்லை. மீப் அலுவலகப் பணியைக் கைவிடவில்லை. பணி அவர்களுடைய கண்ணை மறைக்கவும் இல்லை. கண்ணோட்டம் என்பது விதிக்கு மாற்று அன்று. விதியைக் கையாளும் கைக்கு மேலே உள்ள கண்.

விதியே மனிதனை மனிதன் அல்லன் என்று எழுதச் சொல்லும் நாளும் வரலாம். 1940-இல் ஹாலந்து அரசு ஊழியர்களிடம் தாம் யூதர் அல்லர் என்று எழுதிக் கையொப்பமிடச் சொன்னபோது பெரும்பாலோர் இட்டனர். அது ஒரு தாள், ஒரு கையொப்பம், அவ்வளவே என்று எண்ணியிருப்பர். அத்தகைய நாளில் மறுப்பதே அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெருநாளில் புதிதாக ஒரு கண் முளைத்துவிடாது. எளிய நாட்களில் எதிரே நிற்பவனைப் பார்த்துப் பழகாத கண், கொடிய நாளிலும் பாராது.

நம் மேசை

அலுவலகக் குறிப்பில் 'நான்' என்னும் சொல் இடம்பெறுவதில்லை. 'கருதப்படுகிறது', 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்றே எழுதுவோம். செய்தவன் மறைய, செயல் மட்டும் நிற்கும் நடை அது. இக்கட்டுரையிலும் 'நாம்' என்றே எழுதி வருகிறோம், பழக்கம் அத்தகையது. இனிக் கூறப்போகும் நிகழ்ச்சியில் மட்டும் 'நாம்' என்பது ஒரே ஓர் ஆளைத்தான் குறிக்கும் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கடைநிலை ஊழியர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்தார். அவர் மனைவியின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு நம்மிடம் வந்தது. பணிப்பதிவேட்டில் உள்ள பெயருக்கும் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபட்டிருந்தது. விளக்கம் கேட்டுத் திருப்பினோம். உறுதிமொழிப் பத்திரம் வந்தது. அது மூலம் அன்று, படி என்று திருப்பினோம். மூலம் வந்தது, அதில் உள்ள முகவரி பழைய முகவரி என்று மீண்டும் திருப்பினோம். மூன்று வினாவும் விதிப்படி சரியானவை. தணிக்கையாளர் எவரும் அவற்றில் குறை காண மாட்டார். ஆனால் மூன்றையும் முதல் நாளிலேயே ஒரே குறிப்பில் கேட்டிருக்கலாம். அவ்வாறு கேட்டிருந்தால் எந்த விதியும் கெட்டிருக்காது. பதினொரு மாதம் சென்றது.

ஆணை பிறந்து சில வாரம் கழித்து ஓர் அம்மையார் நம் மேசை முன் வந்து நின்றார். வேறொரு கோப்பில் எழுதிக்கொண்டிருந்த நாம் தலை நிமிராமலே, கோப்பு எண் என்ன என்று இந்தியில் கேட்டோம். அவர் எழுத்தும் கோடும் ஆண்டும் உட்பட அந்த நீண்ட எண்ணை ஒரு பிழையுமின்றி ஒப்பித்தார். பிறகு, 'வேலை முடிந்துவிட்டது, பாபுஜி; சொல்லிவிட்டுப் போக வந்தேன்' என்று ஒரு சிறு பொட்டலம் பேடாவை மேசையில் வைத்தார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தோம். ஐந்து முறை வந்தவர் அவர். அந்த முகம் நமக்கு நினைவில் இல்லை. அவர் சென்றபின் பக்கத்து மேசை நண்பர் சொன்னார்: அப்பதினொரு மாதமும் அவர் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காத்தாராம். நண்பர் அதனைத் தேநீர்க் கடை வாயிலில் கேட்டறிந்தவர். நமக்கு ஐந்து முறை வாய்ப்பு இருந்தது.

இதனை லெவி கண்ட கொடுமையோடு ஒப்பிடுவது இறந்தவரை இழிவு செய்வதாகும், நாம் ஒப்பிடவில்லை. ஓர் அம்மையாரின் ஓய்வூதியம் தாமதமாவதும் ஓர் இனத்தை அழிப்பதும் ஒன்றல்ல. எனினும் அன்று மாலை வீடு திரும்பிய பேருந்தில், எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்த அந்தத் தேர்வாளரின் பார்வை நினைவுக்கு வந்தது. அவர் தலை நிமிர்ந்தாவது பார்த்தார் என்று எண்ணியபோது உள்ளம் கூசியது.

காணாத குற்றம் எழுத்தருக்கு மட்டும் உரியதும் அன்று. லெவியின் நூலைப் பெரிய பதிப்பகம் ஒன்று 1947-இல் மறுத்தது. சிறிய பதிப்பகம் ஒன்று 2,500 படி அச்சிட்டது. அவையும் முழுதாக விற்கவில்லை. வீடு திரும்பித் தம் துயரைச் சொல்லுகையில் கேட்போர் எழுந்து போய்விடுவதாக முகாமில் அவர் கண்ட கனவு ஏறத்தாழ நனவாயிற்று. 1958-இல் மறுத்த பதிப்பகமே அதனை வெளியிட்ட பின்னரே உலகம் செவி சாய்த்தது. படிப்போரும் தலை நிமிர்ந்து பார்க்கப் பதினோராண்டு ஆகியது.

இப்போது கோப்புகள் கணினித் திரைக்கு வந்துவிட்டன. தாளின் கசங்கலும் கையெழுத்தின் நடுக்கமும் மறைந்து, எண் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே நாம் இரண்டு வழக்கங்களைக் கைக்கொண்டிருக்கிறோம். எந்தக் குறிப்பையும் எண்ணால் தொடங்காமல், யார், எந்நிலையில், எதை வேண்டி நிற்கிறார் என்னும் ஒரு வரியால் தொடங்குகிறோம். கேட்க வேண்டிய ஐயங்களை எல்லாம் ஒரே முறையில் கேட்கிறோம். இது வீரம் அன்று. கிரானின் மாலை இரண்டு மணி நேரத்துக்கும் ஈடாகாது. மீப்பின் இழுப்பறைக்கு அருகிலும் வாராது. பணி மிகுந்த நாட்களில் இதனையும் மறந்துவிடுகிறோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

கடமையைச் செய்தவன் அறம் செய்தவன் ஆவானா என்று கேட்டோம். எவருக்காகச் செய்கிறோமோ அவரைக் கண்டு செய்தால் ஆவான். காணாமல் செய்தால், அக்கடமை எவர் கைக்கும் கருவியாகும் என்பதே 1947-இன் நான்கு நூல்களும் தரும் விடை. அந்த அம்மையார் மீண்டும் ஒருநாள் வந்தால் அடையாளம் கண்டுகொள்வோம் என்று உறுதி கூற இயலவில்லை. ஆனால் எண்ணைக் கேட்குமுன் நிமிர்ந்து பார்த்து, பெயரைக் கேட்போம்.